நாற்பது நிமிடக் காற்று

டப்பாவைத் திறந்தது நான்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நடந்தவற்றில் எனக்குப் புரியாதது நிறைய இருக்கிறது. இது ஒன்றில் மட்டும் குழப்பம் இல்லை.

என் பெயர் ஹாஜா. பெரிய மார்க்கெட்டில் எங்கள் மசாலாத் தூள் கடை நான்கு தலைமுறையாக நடக்கிறது. மிளகாய், மல்லி, மஞ்சள், மிளகு. பெயர்ப்பலகையில் என் பாட்டனாரின் பெயர் பிரெஞ்சு எழுத்தில் இன்னும் இருக்கிறது. எங்கள் தூளில் செங்கல் பொடி கலந்தது, மரத்தூள் கலந்தது, சாயம் கலந்தது என்று இந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. ஒருமுறை சோதனைக்கு என்று அதிகாரி ஒருவர் வந்து மாதிரி எடுத்துப் போனார். மறுவாரம் அவரே வந்து தம் வீட்டுக்கு அரைக் கிலோ மிளகாய்த்தூள் வாங்கிப் போனார். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மகன் அஸாருதீன் கடையைப் பார்த்துக்கொள்கிறான். மகள் ரூமானா படித்தாள். படித்து முடித்து, மேலும் படித்து, இப்போது ஊரின் மேற்கு ஓரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உலோகப் பொடியில் வேலை செய்கிறாள். அந்த இடத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே டைட்டானியம் என்ற உலோகத்தை மாவு போன்ற பொடியாக வாங்குகிறார்கள். அதை அச்சில் போட்டு அழுத்தி, உருகிவிடாத அளவு சூட்டில் உலைக்குள் வைத்தால், துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே கட்டியாகிவிடுமாம். பிறகு அந்தக் கட்டியை ஓர் இயந்திரத்தில் மாட்டி, அறுந்துபோகும்வரை இழுக்கிறார்கள். எவ்வளவு தாங்கியது, எப்படி அறுந்தது என்று எழுதிக்கொள்கிறார்கள். கட்டியாக இருந்ததைப் பொடியாக்கி, பொடியை மறுபடி கட்டியாக்கி, அதையும் உடைப்பது எதற்கு என்று கேட்டேன். ரூமானா ஒரு மணி நேரம் சொன்னாள். புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

சம்பந்தி தலையாட்டவில்லை. அவர் அஸாருதீனின் மாமனார், காரைக்கால்காரர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்தவர், பிரியாணியைக் கிளறிக்கொண்டே என் வாயையும் கிளறினார்.

"என்ன சம்பந்தி, பொடி விக்கிற வீட்டுல பொண்ணும் பொடிதான் இடிக்குதாமே? அதுக்கு எதுக்குங்க டாக்டர் பட்டம்? ஒரு ஒலக்கை போதுமே!"

என் மனைவி கரீமா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

"கையக் கழுவுங்க. இப்பவே போய்ப் பாத்துடலாம்" என்றேன்.

தூறலில் ஆட்டோ பிடித்துப் போனோம். ரூமானா அன்றும் வேலையில் இருந்தாள். ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி. அதன் சுவரில் இரண்டு ரப்பர் கையுறைகள். உள்ளே காற்றே இல்லாமல் ஆர்கான் என்ற வாயுவை நிரப்பியிருந்தார்கள். அதிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து எங்கள் முன்னால் மேஜையில் வைத்தாள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது.

"இதுக்குள்ளதான் பொடி இருக்குது மாமா. காத்து படக்கூடாது, அதான் மூடியே வெச்சிருக்கோம்" என்றாள். அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் கூப்பிட, கீழே அலுவலகத்துக்கு இறங்கிப் போனாள்.

சம்பந்தி டப்பாவை உற்றுப் பார்த்தார். "மூடி வெச்சதக் காட்டி நல்ல சரக்குன்னா எப்படிங்க?"

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மூடிய சாக்கைக் காட்டி எவரும் சரக்கைப் புகழக் கூடாது. சாக்கின் வாயைப் பிரித்து, தாளில் கொட்டி, வந்தவர் விரலால் நெருடி, மூக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் பேச்சே. காட்ட மறுத்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். காற்று படக்கூடாது என்று நாங்களும்தான் சொல்வோம். பட்டால் மிளகாய்த்தூளின் நிறம் போகும், மல்லித்தூள் கட்டி தட்டும். ஆனால் அதற்கு வாரக்கணக்கில் ஆகும். மிளகாய்க்கே அப்படியென்றால் உலோகத்தைக் காற்று என்ன செய்துவிடும்?

டேப்பை உரித்தேன். மேஜையில் கிடந்த செய்தித்தாளை விரித்து முழுவதையும் கொட்டினேன். சாம்பல் நிறம். சம்பந்தி நெருடிப் பார்த்தார்.

"பட்டு மாதிரி இருக்குதே!" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த பிறகு நான் சும்மா இருக்க முடியுமா? எங்கள் பரம்பரை பற்றிக் கொஞ்சம் பேசினேன். பிறகு தாளை மடித்து, ஒரு துகள் சிந்தாமல் திருப்பிக் கொட்டி, டேப்பை முன்பிருந்த அதே சுற்றில் சுற்றிவைத்தேன். பொட்டலம் கட்டுவதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. ரூமானா திரும்பி வந்தபோது டப்பா வைத்தது வைத்தபடி இருந்தது. கையோடு அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

அந்தப் பொடியில் செய்த கட்டிகள் எவரும் எதிர்பாராத அளவு இழுப்பைத் தாங்கின. வெளிநாட்டு இதழ் ஒன்றில் ரூமானாவின் கட்டுரை வந்தது. ஜமாஅத்தில் பாராட்டினார்கள். சம்பந்தியே தொலைபேசியில் வாழ்த்தினார். டப்பாவின் நினைவு எனக்கு அடியோடு போய்விட்டது.

இந்த ஆண்டு செப்டம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் சாப்பாட்டில், ரூமானா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"இன்னாடி, குழம்பு சரியில்லியா?" என்றாள் கரீமா.

"ஜப்பான்ல ஒரு குழு எங்க முறையிலயே செஞ்சு பாத்திருக்காங்கம்மா. அந்த பலம் வரலையாம்."

"அவங்களுக்குக் கைப்பக்குவம் பத்தலை" என்றேன் நான்.

"புதுப் பொடியில நானே செஞ்சேன் அத்தா. எனக்கும் வரலை. பழைய கட்டியச் சோதிச்சா, ஆக்ஸிஜன் ஆயிரத்துல ரெண்டு பங்கு இருக்க வேண்டிய எடத்துல நாலு இருக்குது. அந்த டப்பாவ யாரோ தொறந்திருக்காங்க."

எடுத்த கவளம் என் கையிலேயே நின்றது.

"ஆக்ஸிஜன் சேந்தா பலம் குறையுமா?" என்று கேட்டேன்.

"கூடும்."

"கூடினா நல்லதுதானே?"

"எங்க முறையால கூடுச்சுன்னு எழுதிட்டோம் அத்தா. அது பொய்யாயிடுச்சு. கட்டுரைய வாபஸ் வாங்கணும்." தட்டைத் தள்ளி வைத்தாள். "அந்த ரூம் சாவி கொளஞ்சி அக்காகிட்டதான் இருக்கும். தொடைக்கும்போது தொறந்துட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அடுத்த புதன்கிழமை விசாரணை. அவங்க காண்ட்ராக்ட் ஆளு. வேலை போயிடும்."

கொளஞ்சியை எனக்குத் தெரியும். ஐம்பது வயதிருக்கும், ஆராய்ச்சிக்கூடத்தின் உதவியாள். எங்கள் கடையின் வாடிக்கையாளர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? நான்கு தலைமுறையாகக் கலப்படம் செய்யாத கை. அந்தக் கையால், சொந்த மகளின் சரக்கில், அதுவும் காற்றைக் கலந்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் காரைக்கால்வரை போகும். அதோடு எனக்குச் சந்தேகமும் இருந்தது. கலப்படம் செய்தால் சரக்கு கெடும் என்பதுதான் நான் அறிந்தது. இங்கே சரக்கு தேறியிருக்கிறது. தேறியது எப்படிக் குற்றமாகும்? அப்படியானால் நான் செய்தது என்ன?

மறுநாள் ரூமானாவிடம் கேட்டு, அவளோடு போய் அந்த இயந்திரத்தைப் பார்த்தேன். இரண்டு கட்டிகளை இழுத்துக் காட்டினாள். விரல் நீளம்தான் இருக்கும். புதுப் பொடியில் செய்தது மெதுவாக நீண்டது, நடுவில் மெலிந்தது, பிறகு அறுந்தது. பழையது நீளவே இல்லை. எண் ஏறிக்கொண்டே போனது. திடீரென்று பட்டாசுபோல் வெடித்து இரண்டாகியது.

"எது உசத்தி, சொல்லுங்க" என்றாள்.

"ரெண்டாவதுதான். அதிகமாத் தாங்குச்சே."

"இத விமானத்துல வெக்க முடியாது அத்தா. ஒரு இடுப்பு எலும்புக்குப் பதிலா வெக்க முடியாது. உடையப் போறேன்னு முன்னாடியே சொல்லாது."

வளையாமல் கடைசிவரை நின்று ஒரே அடியாக உடைவதில் என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை. கேட்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை கொளஞ்சி கடைக்கு வந்தாள். அஸாருதீன் தொழுகைக்குப் போயிருந்தான். நான்தான் கல்லாவில் இருந்தேன். கால் கிலோ மல்லித்தூள் கேட்டாள். கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"பாய், நா தொறக்கல பாய்."

"எத?"

"பாப்பா ஒங்ககிட்ட சொல்லியிருக்கும். பதினோரு வருசமா அந்த ரூமத் தொடைக்கிறேன். மேசைய விட்டு ஒரு பொருளத் தூக்குனது இல்ல. பாப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒங்க வூட்டு வார்த்தைன்னா அந்தப் புரொபசர் மேடம்கூட மதிக்கும்."

பின்னால் நின்ற மீன்காரப் பெண்ணொருத்தி, "வாங்கிட்டியா, நவுருக்கா, எனக்கு மொளகாத்தூள் வேணும்" என்று தள்ளினாள். கொளஞ்சி நகர்ந்தாள். "பாக்கலாம்" என்று அவளிடம் சொன்னேன். பார்க்கலாம் என்று சொன்னதற்கு என்ன பொருள் என்று எனக்கே தெரியாது. அன்று முழுவதும் எடைபோட்டதெல்லாம் இரண்டாம் முறை போட வேண்டியிருந்தது.

புதன்கிழமை சலவை வேட்டியும் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். கரீமா, "யார் வூட்டு நிக்காஹ்?" என்று கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

விசாரணை நடந்த அறையில் பேராசிரியர் கலைவாணியும் வேறு இரண்டு பேரும் நாற்காலிகளில் இருந்தார்கள். ரூமானா ஒரு குறிப்பேட்டோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கொளஞ்சி சுவரோரம் நின்றாள். அனுமதி கேட்காமல் உள்ளே போனேன். என் வாழ்க்கையில் அனுமதி கேட்காமல் நுழைந்த முதல் அறை அதுதான்.

"நான் ரூமானாவோட தகப்பன். அந்த டப்பாவத் தொறந்தது நான்" என்றேன். வழக்கத்தையும் சம்பந்தியையும் தாளையும் டேப்பையும் சுருக்கமாகச் சொன்னேன். "எங்க குடும்பத்துல யாரும் பொய் சொன்னதில்ல. இந்த அம்மாள விட்டுடுங்க."

திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அல்லது ஒருவேளை, பெரிய மனம் என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் வந்திருந்தேன். ரூமானாவின் முகம் வெளுத்துப்போனது.

"கையால தொட்டீங்களா அத்தா? எல்லாத்தையும் தாள்ல கொட்டுனீங்களா? அது தீப்பிடிக்கிற பொடி! ஒரு பொறி பட்டிருந்தா ரெண்டு பேரும்..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குறிப்பேட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். "எத்தனை நிமிஷம்?"

"என்னது?"

"எத்தனை நிமிஷம் தொறந்திருந்துச்சு? ஃபேன் ஓடுச்சா? சன்னல் தொறந்திருந்துச்சா? மழையா, வெறும் தூறலா? பொடிய எவ்ளோ பரப்பி விட்டீங்க?"

தலைகுனிந்து நிற்க வந்த மனிதனிடம் சன்னலைப் பற்றிக் கேட்கிறாள்.

"ஒரு அஞ்சு பத்து நிமிஷம் இருக்கும்."

"நான் கீழ போய் ரொம்ப நேரம் ஆச்சே" என்றாள். என்னை நம்பாமல், எல்லார் முன்னாலும் காரைக்காலுக்குத் தொலைபேசி போட்டாள். குரல் வெளியே கேட்கும்படி வைத்தாள்.

"நான் அப்பவே வேணாம்னு சொன்னேம்மா!" என்றார் சம்பந்தி. இது பொய். "நாப்பது நிமிஷமாவது இருக்கும். ஒங்க அத்தா, அவரு பாட்டனாரு கப்பல்ல மொளகு ஏத்துன கதைய எடுத்தாரு. அது இருவது நிமிஷக் கதை. எத்தனை விருந்துல கேட்டிருக்கேன்! அன்னைக்கு ரெண்டு தடவ சொன்னாரு."

முதலில் சிரித்தது பேராசிரியர் கலைவாணி. பிறகு எல்லாரும். சுவரோரம் நின்ற கொளஞ்சி மட்டும் சிரிக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரூமானா 'நாற்பது' என்று எழுதிக் கீழே கோடு போட்டாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. நான் சொன்னது உண்மையா என்று செய்து பார்க்க வேண்டுமாம். என் சொல்லைச் சோதிப்பதா என்று கேட்டேன். "ஒங்க சொல்ல இல்ல அத்தா, காத்த" என்றாள். அதற்கு அதே மாதிரி ஈரக் காற்று வேண்டும் என்று மழைக்காகக் காத்திருந்தார்கள். கொளஞ்சியைப் பற்றிய முடிவும் மழைக்குக் காத்திருந்தது. அக்டோபர் கடைசியில் ஒருநாள் விடியற்காலையிலிருந்தே தூறியது. ரூமானா ஆள் அனுப்பினாள்.

இந்த முறை எனக்கு முகக்கவசமும் கையுறையும் கண்ணாடியும் போட்டார்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல். பொடி கொஞ்சமாகத்தான் கொடுத்தார்கள். "அன்னைக்கு எப்படிப் பண்ணீங்களோ அப்படியே" என்றாள் ரூமானா. தாளில் கொட்டினேன், பரப்பினேன், நெருடினேன். கொளஞ்சி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"கதை சொல்லலியா பாய்?" என்றாள்.

அது கேலியா என்று தெரியாமல் நாற்பது நிமிடமும் வாய் திறக்காமல் இருந்தேன். அவ்வளவு நீளமான நாற்பது நிமிடத்தை நான் கண்டதில்லை. அன்று மட்டும் எப்படிப் போனதோ.

பத்து நாள் கழித்து என்னையும் கொளஞ்சியையும் மறுபடி கூப்பிட்டார்கள். அழுத்தி, உலையில் வைத்து, இழுத்து, அறுத்து, சோதித்து முடித்திருந்தார்கள். பேராசிரியர் தாளை என் பக்கம் திருப்பினார்.

"ஆயிரத்துல மூணு வந்திருக்குங்க ஐயா."

"அப்படின்னா?"

ரூமானா சொன்னாள்: "ரெண்டு இருக்கணும். நாலு இருந்துச்சு. அதிகமா வந்தது ரெண்டு பங்கு. ஒங்களால வந்தது அதுல ஒண்ணு. பாதிதான் அத்தா ஒங்களோடது."

"மீதிப் பாதி?"

"தெரியலை. ஆர்கான் சிலிண்டரா இருக்கலாம். உலையா இருக்கலாம். வேற யாராவதா இருக்கலாம்."

வேற யாராவது என்றபோது கொளஞ்சி நிமிர்ந்தாள். என் குடும்ப மானம் முழுவதையும் கொண்டுபோய் அந்த மேஜையில் வைத்தேன். அதற்கு அவளுக்குப் பாதி விடுதலைதான் கிடைக்குமா?

"மீதியையும் என் பேர்லயே எழுதிக்கோங்க" என்றேன்.

"எழுத முடியாது."

"தகப்பன் சொல்றேன்."

"நீங்க சொன்னா பொடி கேக்காது அத்தா. இதுவரைக்கும் தெரியாம பொய் எழுதிட்டேன். இனிமே தெரிஞ்சு எழுதச் சொல்றீங்களா?"

இப்படி என்னிடம் அவள் பேசியது இதுவே முதல் முறை. கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. எதன்மேல் கோபப்படுவது என்று பிடிபடவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததாக நினைத்திருந்த ஒன்றைத்தான் அவள் எனக்கு எதிராகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேராசிரியர் கலைவாணி விசாரணைக்கு வந்த மற்ற இருவரோடும் பேசினார். கடைசியில் கொளஞ்சியைப் பார்த்து, "உங்க மேல சொல்ல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. எப்பவும்போல வேலைக்கு வாங்க" என்றார். கட்டுரை வாபஸ். இதழுக்குப் போகும் குறிப்பை ரூமானா எனக்குத் தமிழில் சொன்னாள். ஒரு பார்வையாளர் டப்பாவைத் திறந்ததால் பாதி. மீதிக்குக் காரணம் தெரியவில்லை.

தெரியவில்லை என்று அச்சில் போடுவார்களா என்று கேட்டேன். போடுவார்களாம். எங்கள் கடையில் மாதிரி எடுக்க வந்தவரிடம், பாதிக் கலப்படம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை என்று சொல்லிப் பார்க்க வேண்டும்!

"ஒரு பார்வையாளர்னு ஏன் எழுதணும்?" என்றேன். "எனக்குப் பேர் இல்லியா? பெரிய மார்க்கெட் ஹாஜான்னு எழுதுங்க."

"அப்படி எழுதுற வழக்கம் இல்லீங்க ஐயா" என்றார் பேராசிரியர். அவருக்குச் சிரிப்பு வந்ததை மறைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

எட்டு நாள் எந்தப் பெயரை மறைத்தேனோ, அதைப் போடச் சொல்லி நானே சண்டை போட்டேன். ஏன் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு பார்வையாளர் என்றால் வழிப்போக்கன் ஒருவன் செய்ததைப் போல இருந்தது, அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். பக்கத்து மருத்துவமனையிலிருந்து வந்த கூட்டம் முன்னே போன பஸ்ஸில் ஏறிப் போய்விட்டிருந்தது. கொளஞ்சி குடையோடு என்னை நோக்கி வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லக் கையைக்கூட உயர்த்திவிட்டேன்.

"எட்டு நாள் பாய்" என்றாள்.

"என்ன எட்டு நாள்?"

"பாப்பாவக் கேட்டேன். ஒங்ககிட்ட செவ்வாக்கெழமயே சொல்லிடுச்சாம். நீங்க வந்து சொன்னது அடுத்த புதங்கெழம. எட்டு நாளு. நா சனிக்கெழம ஒங்க கட வாசல்ல வந்து நின்னேன். மல்லித்தூளு கட்டிக் குடுத்தீங்க."

உயர்த்திய கையை இறக்கினேன். எங்கள் குடும்பத்தில் யாரும் பொய் சொன்னதில்லை என்று அவள் முன்னால்தான் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. அந்த எட்டு நாளும் நான் எதுவுமே சொல்லவில்லை. எதுவும் சொல்லாததற்கு என்ன பெயர் என்று அவள் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. அவள் கேட்கவில்லை.

பஸ் வந்தது. அவள் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்தாள். நானும் ஏறினேன். அவளுக்கு முன்னால் இருந்த காலி இருக்கையில் தன் பையை வைத்திருந்தவள், என்னைக் கண்டதும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு இடம் விட்டாளா, பையை என்னிடமிருந்து எடுத்து வைத்தாளா என்று விளங்கவில்லை.

"பெரியவரே, எடம் கீதில்ல, ஒக்காருங்க" என்றார் நடத்துநர்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு, மார்க்கெட் வரும்வரை நின்றபடியே வந்தேன்.